மாடியில் 25 பை வைத்தால் காய்கறி வாங்க வேண்டாமா? எல்லையோர ஊர்களுக்கு ஒரு கணக்கு

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று இடுக்கியில், குமுளிக்கும் கட்டப்பனைக்கும் இடையே ஏலத்தோட்டங்களுக்கு நடுவில். இன்னொன்று பாலக்காடு மாவட்டத்தில், திருத்தாலா பக்கம், பாரதப்புழைக்கு அருகில். முதல் ஊரில் மழையும் மூடுபனியும். பாலக்காட்டிலோ கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் இரண்டு பக்கமும் சமையலறைக்கு வரும் காய்கறியில் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. கம்பம், தேனி, ஒட்டன்சத்திரம், கோவை என்று தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையார் வழியாக லாரிகளில் ஏறி வருகிறது.

அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று எல்லையோர மக்களுக்குத் தெரியும். முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்த 2011 டிசம்பரில் குமுளி, கம்பம்மெட்டு வழியே போக்குவரத்து நின்றுபோனது. 2015-ல் வேறு ஒரு சண்டை. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகக் கேரளம் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது.

'நம்ம மாடியிலேயே விளைவிச்சுக்கலாமே' என்ற எண்ணம் இப்படித்தான் வீடு வீடாகப் பரவியது. கேரள அரசும் நகரங்களில் வளர்ப்புப் பைகளைக் கொடுத்தது, 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' என்று விதையும் நாற்றும் கொடுத்தது. தமிழ்நாடு மாடித்தோட்டத் தளை கொடுத்தது.

ஆனால் முதல் பருவத்தோடு நிறுத்திவிடுகிறவர்களும் நிறைய. காலிப் பைகள் மாடி மூலையில் கிழிந்து கிடக்கும். செடி வளர்க்கத் தெரியாதது மட்டும் காரணமில்லை. எவ்வளவு கிடைக்கும், எது கிடைக்கும் என்ற கணக்கு தொடக்கத்திலேயே தப்பாகிவிடுகிறது. ஆகவே பை வாங்குவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு காய்கறி வேணும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் சேர்த்து. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.6 கிலோ. மாதத்துக்கு 48 கிலோ. ஒரு பயிர்ப் பருவம் நான்கு மாதம் என்று வைத்தால் 192 கிலோ.

இப்போது மாடிக்கு வருவோம். கேரளத்தில் மாடித்தோட்டம் என்றாலே 25 பை என்ற கணக்கு பழகிவிட்டது. அதையே எடுத்துக்கொள்வோம். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பயறு ஒவ்வொன்றுக்கும் 4 பை, மீதி 5 பையில் கீரை.

நல்ல கவனிப்பில், நான்கு மாதத்தில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவு:

- தக்காளி: செடிக்கு 2 கிலோ வீதம் 8 கிலோ
- கத்தரி: செடிக்கு இரண்டரை கிலோ வீதம் 10 கிலோ
- வெண்டை: பைக்கு இரண்டு செடி, மொத்தம் 3 கிலோ
- மிளகாய்: செடிக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ
- பயறு: பைக்கு ஒன்றரை கிலோ வீதம் 6 கிலோ
- கீரை: பைக்கு அரை கிலோ, நான்கு முறை அறுத்தால் 10 கிலோ

கூட்டினால் 39 கிலோ. தேவை 192 கிலோ. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. முதல் முறை செய்பவருக்கு இதில் பாதி கிடைத்தாலே நல்ல விளைச்சல்தான். அப்படியானால் பத்தில் ஒரு பங்கு.

இந்த எண்ணைப் பார்த்து மனசு விட வேண்டாம். கடையை மாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி தெளிவாகிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு எதுவாக இருக்க வேண்டும்?

எதை மாடியில் வைக்கலாம், எதை லாரிக்கு விட்டுவிடலாம்?

வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட். இவற்றை மாடியில் வளர்க்க முடியாது என்றில்லை. ஆனால் ஒரு பையை மூன்று மாதம் அடைத்துக்கொண்டு, ஒரு கோஸ் பூவோ ரெண்டு கைப்பிடி கிழங்கோதான் தரும். வயலில் விளைவதற்கும் லாரியில் ஏறி வருவதற்கும் ஏற்ற காய்கள் இவை. கோஸும் கேரட்டும் இடுக்கியின் வட்டவடை, காந்தல்லூரிலேயே விளைகின்றன. கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மாடிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்வி போதும்.

ஒன்று: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படுகிறதா? கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா, கீரை. கடையில் கட்டாக வாங்கி, பாதியை வாட விட்டுத் தூக்கிப் போடுவது இவற்றைத்தான்.

இரண்டு: இலையாகவோ, தோலோடோ, பச்சையாகவோ சாப்பிடுகிறோமா? மருந்து எச்சம் பற்றிய கவலை அதிகம் வருவது அவற்றில்தான். திருவனந்தபுரம் வெள்ளாயணியில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் சந்தைக் காய்கறிகளில் எச்சத்தைத் தொடர்ந்து சோதிக்கிறது. கறிவேப்பிலை அங்கே அடிக்கடி சிக்கும் பெயர். ஒரு பெரிய தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் அந்தக் கவலை அந்த வீட்டுக்கு முடிந்தது.

மூன்று: ஒரே செடி பல மாதம் காய்க்குமா? கத்தரி, மிளகாய், காந்தாரி, கோவை. ஒருமுறை நட்டால் திரும்பத் திரும்பப் பறிக்கலாம்.

மூன்றில் இரண்டுக்காவது 'ஆமாம்' என்று வருவதை மட்டும் முதல் பருவத்தில் வைத்தால், எடையில் குறைவாக இருந்தாலும் சமையலில் தினமும் தெரியும்.

மாடி தாங்குமா?

25 பை என்பது கேட்க லேசாக இருக்கிறது. எடை போட்டுப் பார்ப்போம். பரவலாகக் கிடைக்கும் பை 24 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். முழுக் கொள்ளளவு 23 லிட்டர். முக்கால் பாகம் நிரப்பினால் 17 லிட்டர். வெறும் மண்ணை நிரப்பி மழையில் நனைந்தால் ஒரு பை 29 கிலோ வரை வரும். மண், தென்னை நார்க்கழிவு, தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் சுமார் 20 கிலோ.

வீடு கட்டும்போது மொட்டை மாடி எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஐ.எஸ். 875 விதிப்படி, ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஏறிப் புழங்காத கூரைக்கு அதில் பாதி.

ஒரு சதுர மீட்டரில் இந்தப் பைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கினால் 16 பை நிற்கும். எல்லாம் நனைந்த மண் என்றால் 464 கிலோ. மாடி தாங்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு. அதையே சதுர மீட்டருக்கு 4 பை என்று பரப்பினால் 116 கிலோ, நார்க்கழிவுக் கலவை என்றால் 80 கிலோ. நடந்துபோகும் ஆளின் எடைக்கும் இடம் மிஞ்சும். செடிக்கும் காற்றோட்டம் கிடைக்கும்.

எனவே:

- சதுர மீட்டருக்கு 4 பைக்கு மேல் வேண்டாம். கீழே சுவரோ உத்திரமோ ஓடும் ஓரங்களில் வைப்பது நல்லது. அறையின் நடுப்பகுதிக்கு மேலே குவிக்கக் கூடாது.
- ஓடு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பை வைக்கவே கூடாது. மலைப்பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் அதிகம். அங்கே முற்றமோ திண்ணையோ போதும்.
- பழைய வீடு, விரிசல், கசிவு இருந்தால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.
- பைகளை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியில் ஈரம் தேங்காது. மழைத்தண்ணி வடியும் குழாயின் வாயை மண்ணும் இலையும் அடைக்காமல் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.
- பைக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணி தேக்கினால் டெங்கு கொசு முட்டையிடும். தட்டே வேண்டாம்.

யூடியூபில் சொன்ன மாதிரியே செய்தேன், ஏன் வரல?

கேரளத்தில் வாழும் தமிழர்கள் பலர் மாடித்தோட்டம் கற்றுக்கொள்வது சென்னை, மதுரை, கோவைக்காரர்களின் வீடியோக்களில். அவர்கள் சொல்வது தவறில்லை. அது அவர்கள் ஊர் மண்ணுக்கும் வானத்துக்கும் சொன்னது. எல்லை தாண்டினால் மூன்று விஷயம் மாறுகிறது.

முதலாவது, மண்ணின் புளிப்பு. கேரளத்தின் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது. மழை அதிகம் பெய்யும் இடத்தில் சுண்ணாம்புச் சத்து அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மண்ணை அப்படியே பையில் போட்டால், உரம் போட்டும் செடி மஞ்சளாகவே நிற்கும். பைக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் கலந்து, ஈரப்படுத்தி, இரண்டு வாரம் விட்ட பிறகுதான் தொழுவுரமும் மற்றதும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் பல இடங்களில் மண் காரத்தன்மை உள்ளது. அங்கே சுண்ணாம்பு போட்டால் நிலைமை மோசமாகும். பாலக்காட்டிலேயே சித்தூர் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கும் இது தேவையில்லை. எது உங்கள் மண் என்று தெரியவில்லை என்றால் ஒரு பொட்டலம் மண்ணைக் கிருஷி பவனுக்கு எடுத்துப்போய்ச் சோதனைக்கு வழி கேளுங்கள்.

இரண்டாவது, வாடல் நோய். 'நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்குக் காலையில பார்த்தா தலை தொங்கிடுச்சு.' தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்தவர்கள் கேரளத்தில் அடிக்கடி சொல்வது இது. தண்ணி ஊற்றியும் நிமிரவில்லை என்றால் பெரும்பாலும் மண்ணில் இருக்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா காரணம். சோதிப்பது எளிது. வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல நூல் இறங்கினால் அதேதான். மருந்து அடித்துக் காப்பாற்ற முடியாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணில் அடுத்து கீரையோ பயறோ வைக்கலாம், தக்காளி குடும்பம் வேண்டாம்.

தப்பிக்க நல்ல வழி, நோயைத் தாங்கும் ரகத்தை வாங்குவது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதற்காகவே வெளியிட்டவை இருக்கின்றன. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. விதை வாங்கும்போது 'தக்காளி விதை' என்று கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, வானம். இதில் இடுக்கியும் பாலக்காடுமே ஒன்றுக்கொன்று எதிர்.

*இடுக்கிப் பக்கம்:* ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திறந்த மாடியில் கீரையும் தக்காளியும் அழுகும். இலையில் தண்ணி நின்றால் சிவப்புத் தண்டுக்கீரையில் வெள்ளைப் புள்ளி விழுந்து இலை பொத்தலாகும். சிவப்புக் கீரைக்கு நடுவே கோவையில் உருவான பச்சை ரகமான கோ-1 கலந்து விதைத்தால் நோய் பரவுவது குறைகிறது. அந்த ரகத்துக்கு இதைத் தாங்கும் சக்தி உண்டு. மழைக்காலத்திலும் பயிர் வேண்டும் என்றால் பக்கவாட்டில் திறந்த, மேலே பாலித்தீன் போட்ட மழை மறைப்பு தேவை. காற்றில் பறக்காதபடி கட்டுவது முக்கியம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் அந்த மூன்று மாதம் கறிவேப்பிலை, காந்தாரி, கோவை மட்டும் வைத்துவிட்டு, மழை குறைந்ததும் செப்டம்பரில் மற்றதைத் தொடங்கலாம்.

*பாலக்காட்டுப் பக்கம்:* மழையை விட வெயிலும் காற்றும்தான் எதிரி. கணவாய் வழியே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும். பையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், உயரமான செடியைச் சாய்த்துவிடும். கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பைகளை வைப்பதும், ஒரு தடுப்பு வலை கட்டுவதும் உதவும். மார்ச்சில் புதிதாகத் தொடங்க வேண்டாம். கான்கிரீட் சூட்டில் நாற்று வேர் பிடிக்காது. செப்டம்பர், அக்டோபர்தான் சரியான நேரம். ஜனவரிக்குள் பாதி விளைச்சல் கைக்கு வந்துவிடும்.

தண்ணி, உரம், பூச்சி

பைக்கு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர். 25 பைக்கு 25 முதல் 50 லிட்டர். கோடையில் இதைக் காலை, மாலை என்று பிரித்து ஊற்ற வேண்டும். லாரித் தண்ணி வாங்கும் வீடு என்றால் இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணி தாராளமாகப் போகலாம். சோப்புத் தண்ணி வேண்டாம்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, தண்ணியை வடித்து, மறுபடி ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசினால்தான் உப்பு போகும். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், சத்து கிடையாது. அதனால் 10 நாளுக்கு ஒருமுறை தொழுவுரமோ மண்புழு உரமோ கொடுக்க வேண்டும். நாற்று நடும்போது சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து வேரை நனைத்து நடலாம்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் போதும். லிட்டர் தண்ணிக்கு 20 மி.லி. வேப்பெண்ணெய், 20 கிராம் அரைத்து வடிகட்டிய பூண்டு, 5 கிராம் சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். பூச்சி தெரிந்ததும் கடைக்குப் போய் ரசாயன மருந்து வாங்கி அடித்துவிட்டு மறுநாள் பறித்துச் சமைத்தால், சந்தைக் காயை விட அது மோசம். எச்சத்துக்குப் பயந்துதானே மாடிக்கு வந்தோம்.

அரசு உதவி எங்கே?

கேரளத்தில் முதல் வாசல் கிருஷி பவன். ஓணத்தை ஒட்டி விதைப் பொட்டலங்களும் நாற்றுகளும் கிடைக்கும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை. 2021-ல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. 6 பை, நார்க்கழிவுக் கட்டி, 6 வகை விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் அதில் அடக்கம். திட்டமும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

அந்தத் தளையில் 6 பை இருப்பதைக் கவனியுங்கள். முதல் முறைக்கு அதுவே நல்ல எண்ணிக்கை.

சரி, எப்படித் தொடங்கலாம்?

முதல் வாரம் எதுவும் வாங்க வேண்டாம். காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடம் காய்க்கு. மூன்று நான்கு மணி நேரம் விழும் இடம் கீரைக்கு.

இரண்டாவது வாரம் 6 பை. இரண்டில் கீரை, இரண்டில் மிளகாய், ஒன்றில் கத்தரி, ஒன்றில் பயறு. அதோடு தனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை. விளைவதை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். செலவையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

நான்கு மாதம் கழித்து அந்த நோட்டைப் பாருங்கள். எந்தப் பை கொடுத்தது, எது இடத்தை அடைத்தது என்று உங்கள் மாடியின் கணக்கு அதில் இருக்கும். கொடுத்த பயிருக்கு இன்னும் இரண்டு பை சேர்த்து, கொடுக்காததை நிறுத்திவிடுங்கள். 25 பைக்குப் போக அவசரம் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் பை கிழியத் தொடங்கும்போது, அடுத்து வாங்குவது பிளாஸ்டிக் பையா, மண் தொட்டியா, வீட்டில் கிடக்கும் பழைய பக்கெட்டா என்பதையும் அப்போது முடிவு செய்யலாம்.